சவரக்கத்தியை வேலூர்க் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சத்துவாச்சாரியில் குடியிருக்கிறீர்கள், மடக்குக் கத்தியால் வீட்டிலேயே சவரம் செய்து பழக ஆசைப்படுகிறீர்கள், கத்தி, தோல்வார் (கத்தியைத் தீட்டும் தோல் பட்டை), தீட்டுக்கல், பிரஷ், சோப்பு, கிண்ணம் ஆகிய ஆறும் ஒரே பெட்டியாக ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கிறது, அதை வாங்குவதா, அல்லது வேலூர்க் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவதா, எது சிக்கனம்? போகிற போக்கில், உங்கள் தாத்தாவின் பழைய கத்தி ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விலையைப் பற்றிய கேள்வியாக இதை வைத்திருந்தாலும், இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, எந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும், எந்தப் பொருளைத் தொட்டுப் பார்த்தாலும் நமக்கு விளங்காது என்பதுதான். அதற்கு விடை தெரிந்துவிட்டால் கடையா இணையமா என்பது பொருளுக்குப் பொருள் தானாகவே முடிவாகிவிடும்.

என் தந்தையார் காட்பாடியில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தார். நான் அவரிடம் தொழில் பழகி, பிறகு இருபத்தாறு ஆண்டுகள் சொந்தமாகக் கடை நடத்தினேன். இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு, பழைய கத்திகளுக்குக் கூர் ஏற்றிக் கொடுக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி என் கை அறிந்தது. மற்றவர்களிடம் கேட்டு அறிந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சவரக்கத்தி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, முழு அலகும் உருக்கினால் ஆன, வாய் (வெட்டும் விளிம்பு) மழுங்கினால் வாரில் தீட்டி, நாள்பட்டால் கல்லில் கூர் ஏற்றிப் பல தலைமுறைகள் வைத்திருக்கக்கூடிய அசல் மடக்குக் கத்தி. மற்றொன்று, பார்வைக்கு அதே வடிவத்தில் இருந்தாலும், இருமுனை பிளேடை நடுவில் முறித்துப் பாதியைச் செருகிக்கொண்டு, வேலை முடிந்ததும் எறிந்துவிடும் பிளேடு கத்தி. இன்று சலூனில் உங்கள் கழுத்தில் வைக்கப்படுவது இரண்டாவது வகை. அதற்குக் கல்லும் வேண்டாம், வாரும் வேண்டாம். இணையத்தில் மலிவான பெட்டிகள் சிலவற்றில் பிளேடு கத்தியையும் தோல்வாரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பிளேடு கத்தியை வாரில் தீட்டுவதில் எந்த அர்த்தமும் இல்லை. நீங்கள் பார்த்த பெட்டியில் இருப்பது எந்த வகை என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகின் முதுகில் ஒரு பிளவோ, பிளேடை இறுக்கிப் பிடிக்கும் மூடியோ தெரிந்தால் அது பிளேடு கத்தி.

வேலூர்க் கடைகளில் அசல் கத்தி ஏன் கிடைப்பதில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1986 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் இங்கே வேலூர் சிஎம்சி மருத்துவமனையில்தான் சோதிக்கப்பட்டன; இந்தியாவில் எச்ஐவி கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது அந்தச் சோதனையில்தான். அதற்கு முன்பு ஒரே கத்தியைப் படிகார நீரிலோ டெட்டால் கலந்த தண்ணீரிலோ கழுவிவிட்டு அடுத்தவருக்கு வைப்பதே எங்கள் தொழிலின் வழக்கமாக இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் வாடிக்கையாளர்களே ‘புது பிளேடு போடுங்க’ என்று கேட்கத் தொடங்கினார்கள். என் தந்தையார் தம்முடைய நான்கு ஜெர்மன் கத்திகளையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது சரியான முடிவு. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் இதே வழியில் பரவக்கூடியது. ஆனால் அதன் விளைவாக, கூர் ஏற்றத் தெரிந்த கைகளும், அசல் கத்தி விற்ற கடைகளும் ஒருசேர மறைந்தன. வீட்டில் ஒருவர் மட்டும் தம் முகத்துக்கு வைத்துக்கொள்ளும் கத்திக்கு இந்த அச்சம் பொருந்தாது. அதை அண்ணன் தம்பிக்குக் கூடக் கடன் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். பிளேடு கத்தி போதும் என்று நீங்கள் முடிவு செய்தால் இணையத்தின் பக்கமே போக வேண்டாம். லாங் பஜார் வட்டாரத்தில் சலூன் சாமான் விற்கும் கடைக்குப் போய், நான்கைந்து கத்திகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். மடக்கி விரிக்கும்போது திருகாணியில் ஆட்டம் இருக்கக் கூடாது. பிளேடைச் செருகியபின் அதன் விளிம்பு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே அளவாக வெளியே நிற்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் துருத்தினால் அந்த முனை கன்னத்தைக் கிழிக்கும். இந்த இரண்டையும் எந்தப் படமும் காட்டாது, கடைக்காரர் முன்னால் ஒரு பிளேடை முறித்துப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிளேடுகளும் அங்கேயே கிடைக்கும். உள்நாட்டுப் பிளேடு ஒன்று சில ரூபாய்தான். ஜப்பானின் ஃபெதர் போன்ற மிகக் கூரிய பிளேடுகளுக்கு மட்டும் இணையத்தை நாட வேண்டியிருக்கும், ஆனால் பழகாத கைக்கு அவை வேண்டாம்.

அசல் கத்திதான் வேண்டும் என்றால் விஷயம் வேறு. அசல் கத்தியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உருக்கை மட்டுமன்று, அதன் வாயில் ஒருவர் ஏற்றி வைத்திருக்கும் கூரையும் சேர்த்துத்தான். பெரும்பாலான தொழிற்சாலைக் கத்திகள் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முகத்தில் வைக்கும் பதத்தில் வருவதில்லை. பெயர் பெற்ற ஜெர்மானியக் கத்திகளிலும் கூட, விற்பவர் தம் கையால் கல்லில் இழைத்து முடித்திருந்தால் ஒழியப் பதம் முழுமையாக இருப்பதில்லை என்பது என் அனுபவம். ‘ஷேவ் ரெடி’ (சவரத்துக்குத் தயார்) என்று எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதை யார், எந்தக் கல்லில், எதுவரை இழைத்தார்கள்?’ என்பதே. உண்மையிலேயே இழைத்தவர் ஆயிரத்தில் தொடங்கி எட்டாயிரத்திலோ பன்னிரண்டாயிரத்திலோ முடித்தேன் என்று கல்லின் நயத்தைக் காட்டும் எண்ணைச் சொல்லிப் பதில் தருவார்; எண் கூடக் கூடக் கல் நயமானது. ‘மிகவும் கூர்மையானது சார்’ என்று மட்டும் பதில் வந்தால் அங்கே வாங்காதீர்கள்.

கத்தியின் உடலமைப்பைக் கொஞ்சம் விளக்கினால்தான் மலிவுக் கத்தி ஏன் நட்டம் என்பது புரியும். நல்ல மடக்குக் கத்தியின் அலகு இரு பக்கமும் உள்ளே குழித்து இழைக்கப்பட்டிருக்கும். முதுகு தடித்தும் வாய் மெல்லியதாகவும் இருக்கும். கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டுமே கல்லைத் தொடும். அதாவது, கூரின் கோணத்தை நம் கை தீர்மானிப்பதில்லை; முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து அதைத் தீர்மானித்துவிடுகின்றன. வழக்கமான எட்டில் ஐந்து அங்குல அலகில் அந்தக் கோணம் பதினாறு, பதினேழு டிகிரி அளவில் அமையும். முதுகு கோணலாக இருந்தாலோ, அலகு திருகியிருந்தாலோ, வாயின் ஒரு பகுதி கல்லைத் தொடவே தொடாது. எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் ஏறாது. நேரில் வாங்குவதாக இருந்தால், தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் கத்தியை மெதுவாகப் படுக்க வைத்து, பின்னாலிருந்து கைபேசி விளக்கைக் காட்டிப் பாருங்கள். வாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் ஓரிடத்தில் மட்டும் கசிந்தால் அந்தக் கத்தி வேண்டாம். இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த அன்றே, வாரில் ஒரு முறை கூடத் தேய்க்காமல், இந்தச் சோதனையைச் செய்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப அதுவே சான்று.

நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, டமாஸ்கஸ் உருக்கு என்ற பெயரில், அலகு முழுவதும் தண்ணீர் அலை போன்ற கோடுகளும், அலகு மடங்கி உள்ளே போகும் மர உறையும், தோல் பையுமாக ஒரு கத்தியை இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். மூன்று நாள் மாலையும் கல்லோடு உட்கார்ந்தேன். வாயில் பிசிறு எழும், அதை எடுப்பேன், மறுபடி எழும். உருக்கு அவ்வளவு மென்மையாக இருந்தது. நான்காம் நாள் தலைமுடி ஒன்றைப் பிடித்து வாயில் தொட்டுப் பார்த்தேன். முடி வளைந்ததே தவிர அறுபடவில்லை. விற்றவர் வெட்டும் கருவி என்று எழுதாமல் பரிசுப் பொருள் என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அந்தக் கத்தி இன்றும் என்னிடம் காகிதம் பிரிக்கவே பயன்படுகிறது. அலைக்கோடு போட்ட எல்லாக் கத்தியும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன்; உயர்ந்த விலையில் நன்றாகச் செய்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: தவிர்த்துவிடுங்கள். அதே விலையில் சீனாவின் கோல்ட் டாலர் கத்திகள் கிடைக்கின்றன. அவை பகட்டில்லாதவை, முதுகும், அலகின் அடிப்பகுதித் தோள்பட்டையும் சீராக இருப்பதில்லை, ஆனால் உருக்கு கூர் ஏற்கும். கூர் ஏற்றித் தர ஒருவர் இருந்தால் மட்டும் அதை வாங்கலாம்.

நல்ல புதுக் கத்தி என்றால் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளும், பிரான்சின் தியேர் நகரத்துக் கத்திகளும்தான் தலைமுறைகளாகப் பெயர் பெற்றவை. சோலிங்கன் என்ற பெயரைக் கத்தியில் பொறிக்க அந்த ஊர் வட்டாரத்தில் செய்திருக்க வேண்டும் என்று 1938 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. அவற்றின் விலை பத்தாயிரத்தைத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால், சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் செலவையும் சேர்த்து மதிப்பிட்டுப் போடுகிறார்கள். அதற்கு மேல் ஜிஎஸ்டியும் உண்டு. திரையில் தெரியும் விலையை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, தபால்காரர் வாசலில் நிற்கும்போது திகைத்தவர்களை அறிவேன். ஆகவே புதுக் கத்தி வேண்டுமென்றால், இந்தியாவுக்குள்ளேயே இருப்பு வைத்து, தாமே இழைத்து அனுப்பும் சிறு விற்பனையாளர்களிடம் இணையம் வழியாக வாங்குவதே நான் பரிந்துரைக்கும் வழி. ஆறு மாதம் கழித்துக் கூர் போனால் அதே ஆளிடம் அனுப்பி மறுபடி ஏற்றி வாங்கலாம் என்பதுதான் அந்த வழியின் பெரிய வசதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூர் போன கத்தியைத் தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் தேர்ந்தவர். ஆனால் சுழலும் சாணைச் சக்கரம் சவரக்கத்தியின் காகிதம் போன்ற வாயை ஒரு நொடியில் சூடாக்கிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் உருக்கின் கடினத்தன்மை அங்கே போய்விட்டது என்று பொருள். அதை எந்தக் கல்லாலும் மீட்க முடியாது. என் தந்தையாரின் நான்கு கத்திகளில் ஒன்றை, அவர் ஊரில் இல்லாத நாளில், பதினைந்து வயதில் நானே அப்படிக் கொடுத்துக் கெடுத்தேன். அவர் திட்டவில்லை, அந்த நீல விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தோல்வார் விஷயத்தில் நாம் வட ஆற்காட்டில் பிறந்தது ஒரு பாக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கும்போது, எங்கிருந்தோ செய்து வரும் வாரை இருமடங்கு விலைக்கு வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பாலாறு இந்தத் தொழிலுக்காகக் கொடுத்த விலை பெரிது. 1996 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது போனது. அந்தத் தோலின் நன்மையாவது நமக்குக் கிடைக்கட்டும். ஆனால் எந்தத் தோலும் வாராகிவிடாது. முதன்முதலில் நான் பேரணாம்பட்டில் ஒரு தோல் வியாபாரியிடம் போய், பளபளவென்று கறுப்பாக இருந்த ஒரு துண்டை எடுத்தேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கி, நகத்தால் ஓரத்தைக் கீறிக் காட்டினார். மேலே கறுப்பாக ஒரு படலம் உரிந்தது, உள்ளே வெளிறிய நீலம். “இது ஷூ தோல் தம்பி, மேல ஃபினிஷ் அடிச்சிருக்கு. உங்க கத்தி தோல்ல ஓடாது, பெயிண்ட்லதான் ஓடும்” என்றார். பிறகு உள்ளே போய், பட்டை போட்டுப் பதனிட்ட எருமைத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு பரவி அந்த இடம் கருத்தது. “பாருங்க, குடிக்குது இல்ல, இதை எடுத்துக்கோங்க” என்றார்.

அன்று கற்றதையே இன்றும் எல்லோருக்கும் சொல்கிறேன். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையாகவும் இழுத்தால் நீளக்கூடியதாகவும் இருக்கும், வெட்டிய ஓரத்தில் நீலமோ சாம்பலோ தெரியும். ஆம்பூர் வட்டாரத்தில் காலணிக்காகச் செய்யப்படுவதில் பெரும்பகுதி அது. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் விறைப்பாகவும் வெட்டிய ஓரம் முழுவதும் பழுப்பாகவும் இருக்கும், தண்ணீரைக் குடிக்கும். வாருக்கு வேண்டியது இரண்டாவது வகை. தமிழ்நாட்டின் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று புவிசார் குறியீடு பெற்றிருப்பதும் இந்தப் பட்டைத் தோலே. தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல், அகலம் ஆறேழு சென்டிமீட்டராக, நீளம் ஒரு முழத்துக்குக் குறையாமல், கீறலோ கொசுக்கடித் தழும்போ இல்லாத ஒரே துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். வாருக்கு வேண்டியது ஒரு சதுர அடியில் பாதி கூட ஆகாது, அதனால் கழிவுத் துண்டுகளைக் கேட்டாலே போதும். பின்பக்கத்துக்குக் கெட்டியான பருத்திக் கித்தான் ஒரு துண்டு, மாட்டுவதற்கு ஓர் இரும்பு வளையம், தைத்துத் தர ஒரு செருப்புத் தைப்பவர்; வார் முடிந்தது. இன்னொரு நியாயமும் இதில் இருக்கிறது. முதல் வாரைப் புதிதாகப் பழகுபவர் வெட்டாமல் விட்டதாக எனக்கு நினைவில்லை. கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். ஒரு கணம் மறந்தால் தோலில் பிறை போல் வெட்டு விழும். அந்த வெட்டு நாலாயிரம் ரூபாய் வாரில் விழுவதைவிட நாமே தைத்த வாரில் விழட்டும்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: முதல் ஆண்டு கல் வாங்காதீர்கள். ஒழுங்காக வாரில் தீட்டினால், ஒருவர் முகத்துக்கு மட்டும் பயன்படும் கத்தி பல மாதங்களுக்குப் பதம் தாங்கும். வேலூர் இரும்புக் கடைகளில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் சமையல் கத்திக்கும் உளிக்கும் ஆனது. அதன் மென்மையான பக்கமே சவரக்கத்திக்கு அரம் போன்றது. உங்கள் பெட்டியில் வரும் கல்லும், படத்தைக் காணாமலே சொல்கிறேன், அந்த விலையில் வேறாக இருக்க வழியில்லை. பின்னாளில் ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம் எண்களில் கல் வேண்டும் என்றால் அதை இணையத்தில்தான் வாங்க வேண்டும். கல்லின் நயத்தை விரலால் தடவி அறிய முடியாது, தயாரிப்பாளர் சொல்லும் எண்ணைத்தான் நம்ப வேண்டும், அதனால் பெயர் பெற்ற ஜப்பானிய, அமெரிக்கத் தயாரிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். கல்லைச் சமன் செய்யத் தேவையான தடித்த கண்ணாடியும் நீர் உப்புத்தாளும் மட்டும் உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும்.

மீதியெல்லாம் சிறு பொருள்கள். படிகாரத்தை நாட்டு மருந்துக் கடையில் கட்டியாக வாங்குங்கள். அழகான டப்பாவில் பத்து மடங்கு விலைக்கு வருவதும் அதே படிகாரமே. பிரஷைக் கையில் வாங்கி மயிர் உதிர்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கிண்ணம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. சோப்பு மளிகைக் கடையில் கிடைப்பதே போதும், ஆனால் தண்ணீரில் கவனம் வேண்டும். நம் பகுதி ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு மிகுதி, நுரை எழுந்து நிற்காது, கத்தி வறண்ட தோலில் இழுபடும். நுரை ஏற்றுவதற்கு மட்டும் ஒரு குவளை காவிரிக் குடிநீரை எடுத்துக்கொண்டால் அதே சோப்பு வேறு சோப்புப் போல வேலை செய்யும். கத்தி துருப்பிடிக்காமலிருக்கத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். அடுத்த முறை முகத்தில் வைக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

இணையத்தில் வாங்கும்போது உங்களுக்குள்ள உரிமைகளையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் ஆனது என்பதைப் பக்கத்தில் காட்ட வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பில் இல்லாமல் கடையில் வாங்கியவருக்கு இந்த வலு இல்லை. ஆதலால் லாங் பஜாரில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

இதுவரை சொன்னவற்றில் உருக்கு, முதுகு, தோல், சாணைச் சக்கரம் பற்றியவை எனக்கு ஐயமற்றவை. கருத்து வேறுபாடு உள்ளவையும் உண்டு. பிளேடு கத்தியில் பழகிவிட்டு அசல் கத்திக்குப் போக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். பிளேடு கத்தி எடை குறைந்தது, அதன் முனைகள் கூரானவை, தவறை மன்னிக்காது. அதனால் நல்ல பதத்தில் இருக்கும் அசல் கத்தியில் தொடங்குவதே எளிது என்பது என் எண்ணம், ஆனால் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இதை மறுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் பயன்படுத்திய கத்தியை மறுநாள் ஓய்வாக வைக்க வேண்டும் என்று என் தந்தையார் கடைசி வரை நம்பினார். வாரில் ஒழுங்காகத் தீட்டிய கத்திக்கு அது தேவைப்படுவதை நான் காணவில்லை. சலூன் கடைகளில் கிடைக்கும் பச்சைப் பாலிஷ் கட்டியை வாரில் தடவலாமா என்றும் கேட்பார்கள். அதில் மெழுகும், அளவு சீரில்லாத பொடியும் கலந்திருப்பதால் நான் தடவுவதில்லை, தடவி நன்றாக வைத்திருப்பவர்களும் உண்டு. உடல்நலம் என் துறைக்கு வெளியே. சர்க்கரை நோய்க்கோ, இரத்தம் உறையாமலிருப்பதற்கோ மருந்து சாப்பிடுகிறவரானால், அல்லது சிறு காயமும் தடித்த தழும்பாக மாறும் தோல் உடையவரானால், மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஆகவே அந்த ஆறு பொருள் பெட்டியை வாங்காதீர்கள். அதற்கும் முன்னதாக, தாத்தாவின் கத்தியை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துப் பாருங்கள். அலகின் அடிப்பகுதியில், உறையோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஊர்ப் பெயர் பொறித்திருக்கும். சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் மகிழ்ச்சிக்குரிய செய்தி. முதுகில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், அது அழகுக் குறைதான். வாயின் ஓரத்தில் துரு அரித்திருக்கிறதா, பல் விழுந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு விளக்குக்கு நேராக வாயைப் பிடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மயிரிழை போன்ற கோடாகத் தெரியும், தெரிந்தால் அந்தக் கத்தியை நினைவாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். உறை மஞ்சள் கலந்த வெண்மையாக இருந்தால் அது யானைத் தந்தமாகவும் இருக்கலாம், செல்லுலாய்டாகவும் இருக்கலாம். துணியால் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அது நாள்பட நைந்து, தன் ஆவியாலேயே அலகைத் துருப்பிடிக்க வைக்கும், எளிதில் தீயும் பிடிக்கும், எனவே மூடிய டிரங்குப் பெட்டியில் வைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள். தந்தமாக இருந்தால் விற்கவோ, அப்படிப்பட்ட இன்னொன்றை இணையத்தில் வாங்கவோ எண்ண வேண்டாம். தந்த வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாய் நன்றாக இருந்தால், ஆயிரத்து எண்ணூறு ரூபாயில் கூர் ஏற்றும் கூலியும், பேரணாம்பட்டுத் தோலும், தையற்கூலியும், ஒரு கட்டிப் படிகாரமும் அடங்கிவிடும். வாயின் இரு பக்கமும் தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து இங்கே போடுங்கள். கூர் ஏற்றத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.